எண்ணெய்க் கள்ளன் யார்?

சில வாரங்களுக்கு முன் ஹற்றனிலிருந்து கொழும்புக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். கினிகத்தேனை இறக்கத்தில் ஒரு பவுசர் வீதியோரமாக ஒதுங்கி நின்றது. சாரதி பின்சில்லின் அருகே குந்தியிருந்து, பிரேக்கின் சூட்டைப் புறங்கையால் சோதித்துக் கொண்டிருந்தார். பஸ்ஸில் எனக்கு அடுத்த ஆசனத்தில் இருந்த பெரியவர் யன்னலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாருங்க, எண்ணெய் இறக்குறான் போல."

முன்னும் பின்னும் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நல்லவன் என்பதனால் அல்ல. அந்தச் சிரிப்பை இந்நாட்டுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதனால்.

பெற்றோலும் டீசலும் மண்ணெண்ணெயும் ஏற்றிவரும் தாங்கி வாகனத்தை இலங்கையில் நாம் பவுசர் என்போம். தமிழகத்து நண்பர்களுக்கு அது டேங்கர் லாரி. மலையகத்து வீதிகளில் அதைப்போல எல்லோராலும் எதிர்பார்க்கப்படுவதும் எல்லோராலும் சந்தேகிக்கப்படுவதுமான வாகனம் வேறொன்றில்லை. வராவிட்டால் சாபம், வந்தால் சந்தேகம். அந்தச் சந்தேகத்துக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்கும் மனிதரைப் பற்றி நமது பத்திரிகைகள் எழுதுவதில்லை. எழுதினால் விபத்துச் செய்தியாக எழுதுவோம். அல்லது திருட்டுச் செய்தியாக.

அப்படி ஒரு செய்தியைப் பற்றியதுதான் இது.

*

2022 ஜூன் மாதத்தை இலங்கையர் எவரும் மறந்திருக்க முடியாது. முந்திய ஆண்டின் இறுதியில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல், மே 24 ஆம் திகதி 420 ரூபாவாகியிருந்தது. ஜூன் 26 இல் 470 ஆனது. விலை கொடுக்க ஆயத்தமானவனுக்கும் எண்ணெய் இல்லை. வரிசையில் நின்றே மனிதர்கள் செத்தார்கள். எரிபொருள் நிரப்பு நிலையங்களுக்கு இராணுவக் காவல் மார்ச்சிலேயே வந்துவிட்டது.

அந்நாள்களில் நான் கொழும்பில் செய்தி மேசையில் இருந்தேன். ஓரிரவு மலையகத்திலிருந்து நான்கு வரிச் செய்தி ஒன்று வந்தது. ஒரு நகரத்துப் பெற்றோல் செட்டுக்கு வந்த பவுசரில் எண்ணெய் குறைந்திருந்ததாகவும், வரிசையில் நின்ற மக்கள் சாரதியைச் சூழ்ந்து கொண்டதாகவும், பொலிஸார் வந்து அவரை மீட்டதாகவும் அதில் இருந்தது. பக்கத்தில் இடம் இருந்தது. தலைப்பு இட்டேன்: 'பவுசரில் எண்ணெய் மாயம், சாரதியை மடக்கிய மக்கள்.'

சாரதி என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எமது செய்தியாளரும் கேட்கவில்லை. முப்பது ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவன் நான். குற்றம் சாட்டப்பட்டவனின் வாய்மொழி இல்லாமல் செய்தி போகக் கூடாது என்று புதிதாக வரும் பிள்ளைகளுக்கு வகுப்பெடுத்தவன். அன்றிரவு அந்த வகுப்பு எனக்கே ஞாபகம் வரவில்லை. ஏனென்றால் வீட்டில் எனது மோட்டார் சைக்கிளும் எண்ணெய் இல்லாமல் நின்றது. பேனா பிடித்தவனும் வரிசையில் நின்றவன்தான்.

ஓராண்டு கழித்து, தலவாக்கலையில் ஒரு சாவு வீட்டில் அந்தச் சாரதியைச் சந்தித்தேன். நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தவர்; எனக்குப் பத்து வயது இளையவர். என் தம்பியோடு படித்தவர் என்பதை அங்குதான் அறிந்தேன். பந்தலுக்கு வெளியே நின்று தேநீர் குடிக்கும்போது அவராகவே சொன்னார்.

"அண்ணே, ஒங்க பேப்பர்லதான் வந்துச்சு. பேரு போடல. ஆனா ஊருக்குத் தெரியாதா? எம் மகள ஸ்கூல்ல எண்ணெய்க் கள்ளன் மகன்னு கூப்புட்டாங்க. ரெண்டு வாரம் புள்ள போவல."

அவர் கோபத்தோடு சொல்லவில்லை. தலைப்பை இட்டவன் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. அதைச் சொல்லும் துணிவும் அன்று எனக்கு வரவில்லை.

*

நடந்தது என்னவென்று அன்று அவர் சொன்னதை இங்கே தருகிறேன்.

கொலன்னாவையில் மூன்று நாள் வரிசை. மூன்றாம் நாள் பிற்பகல், நல்ல வெயிலில், 6,600 லீற்றர் பெற்றோல் ஏற்றப்பட்டது. இரண்டு அறைகள், அறைக்கு 3,300. மூடிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. மாலையில் புறப்பட்டு, அவிசாவளை, எட்டியாந்தோட்டை, கித்துல்கலை, கினிகத்தேனை, வட்டவளை என்று இரவு முழுவதும் மழையில் ஏறி, விடியற்காலையில் குளிரும் பனிமூட்டமுமாகக் கிடந்த நகரத்தை அடைந்தார். முத்திரைகள் அப்படியே இருந்தன. மூடியைத் திறந்து அளவுகோலை விட்டார்கள். கோலில் எண்ணெய் குறியைத் தொடவில்லை. கணக்குப் பார்த்தார்கள்: 55 லீற்றர் குறைவு. மூன்று நாள் உறங்காமல் நின்ற சனத்தின் நடுவில் அந்த எண் ஒரு தீக்குச்சி.

55 லீற்றரின் விலை 23,100 ரூபா. அதை அவரது பயணக் காசிலிருந்து வாகன உரிமையாளர் தவணை முறையில் கழித்துக்கொண்டார். அது தீரும்வரை வேறிடம் போகவும் முடியவில்லை.

இனி, பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்து, பரீட்சை எழுதி, மறந்துபோன ஒரு விடயத்துக்கு வருவோம்.

திரவங்கள் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். பெற்றோல் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகமாகச் சுருங்கும். ஒரு பாகை செல்சியஸ் குறைந்தால் அதன் கனவளவு ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். உண்மையில் அதற்குச் சற்றுக் கூடவும் ஆகலாம். 6,600 லீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு 6.6 லீற்றர். கொழும்பின் பிற்பகல் வெப்பம் முப்பது பாகையை அண்மித்தது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் மாதத்து விடியலில் அங்கும் அதனை அண்டிய ஊர்களிலும் குளிர் எப்படியிருக்கும் என்று மலையகத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. இரவு முழுவதும் குளிர்காற்றும் மழையும் தாங்கியின் உடம்பில் பட, உள்ளே இருந்த எண்ணெய் எட்டுப் பாகை மட்டும் குளிர்ந்தது என்று கொண்டால், குறைவு ஏறத்தாழ 53 லீற்றர். மிச்சம் இரண்டு லீற்றரை ஆவியும், அளவுகோலைப் பிடித்த கையின் நடுக்கமும் எடுத்துக்கொள்ளட்டும்.

கவனியுங்கள்: எண்ணெயில் ஒரு துளியும் தொலைந்து போகவில்லை. நிறுத்துப் பார்த்திருந்தால் ஏற்றிய நிறை அப்படியே இருந்திருக்கும். குறைந்தது லீற்றர், எண்ணெய் அல்ல. சுருங்கிய லீற்றரில் எண்ணெய் அடர்த்தியாக இருக்கும். அதை ஊற்றிக்கொண்டு போன வாடிக்கையாளருக்குக்கூட நட்டமில்லை. நட்டம் கணக்குப் புத்தகத்துக்கு மட்டும். அந்தக் கணக்குப் புத்தகத்தின் நட்டத்தைத்தான் ஒரு சாரதியின் சம்பளத்திலிருந்து அறவிட்டார்கள்.

அவர் உறுதியாகத் திருடவில்லை என்று இக்கணக்கு நிரூபிக்கிறதா? இல்லை. அன்று அந்த எண்ணெயின் வெப்பநிலையை எவரும் அளக்கவில்லை. ஆனால் அதே காரணத்தினால் அவர் திருடினார் என்றும் எவரும் சொல்ல முடியாது. முத்திரை உடையாத ஒரு தாங்கி, ஒரு குளிர்ந்த விடியல், ஒரு பள்ளிக்கூடப் பாடம். இவற்றை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைக் கள்ளன் என்றோம். அதை அச்சிலும் ஏற்றினோம்.

*

எண்ணெய் வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். உலகச் சந்தையில் எண்ணெய் கைமாறும்போது எந்த வெப்பநிலையில் அளந்தாலும், 15 பாகை செல்சியஸுக்கு மாற்றிக் கணக்கிடுவதற்கென்று அட்டவணைகள் உண்டு. அமெரிக்காவில் அது 60 பாகை பரனைட். கப்பலிலிருந்து இறக்கும்போது தாங்கியின் வெப்பத்தைத் தசமதானம் வரை பார்ப்பார்கள். கனடாவில் வாகனத்துக்கு ஊற்றும் பம்பிலேயே வெப்பநிலைத் திருத்தம் செய்யும் கருவி பரவலாக உண்டு. அங்குள்ள நமது உறவினர்கள் பம்பில் ஒட்டியிருக்கும் சிறிய எழுத்துகளை வாசித்துப் பார்த்தால், 15 பாகைக்குத் திருத்தப்பட்ட அளவு என்று இருக்கக் காணலாம்.

ஆக, கம்பனிக்கும் கம்பனிக்கும் இடையில் எண்ணெய் சுருங்கினால் அது பௌதிகவியல். சாரதியின் கையில் சுருங்கினால் அது களவு. அவர் என்னிடம் காட்டிய உரிமையாளரின் கணக்குத் தாளில் லீற்றருக்கு ஒரு நிரல் இருந்தது, ரூபாவுக்கு ஒரு நிரல் இருந்தது, கழிவுக்கு ஒரு நிரல் இருந்தது. வெப்பநிலைக்கு நிரல் இல்லை.

"குளிருக்கு எண்ணெய் சுருங்குது அண்ணே. அதோட சேந்து ஏஞ் சம்பளமும் சுருங்குது," என்றார். அவர் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கலைத்துறையில் பட்டம் பெற்ற எனக்கு அன்றிரவு செய்தி மேசையில் தோன்றாத பாடம் அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

இதில் மலையகத்து மனிதனுக்குப் புதுமை எதுவுமில்லை. அவருடைய தாய் கொழுந்து பறித்தவர். மழையில் பறித்த கொழுந்துக்குத் தண்ணீர்க் கழிவு, கூடைக்கும் சாக்குக்கும் கழிவு, நிர்ணயித்த இறாத்தல் வராவிட்டால் அரைப்பேர். தராசு எப்போதும் மற்றவன் கையில். கழிவு எப்போதும் இவர்கள் கணக்கில். மகன் தோட்டத்தை விட்டு வெளியேறி, கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்து, பவுசரில் ஏறினார். தராசும் பின்னாலேயே ஏறிவந்தது. கடனைக் காட்டித் தொழிலாளியைக் கட்டிவைத்த துண்டு முறையை 1921 ஆம் ஆண்டிலேயே சட்டம் ஒழித்தது என்று வரலாற்றில் படிக்கிறோம். 23,100 ரூபா தீரும்வரை வேறிடம் போக முடியாமல் இருந்தவருக்கு எந்த ஆண்டு நடந்து கொண்டிருந்தது?

*

அடுத்தது, அந்த வீதி.

பவுசர் ஓட்டுவதை மற்ற லொறி ஓட்டுவதைப் போல நினைப்பவர்கள் பலர். 13,200 லீற்றர் டீசல் என்றால் சுமை மட்டும் பதினொரு தொன். அரிசி மூட்டை ஏற்றிய லொறியில் சுமை ஓரிடத்தில் கிடக்கும். திரவம் அப்படிக் கிடப்பதில்லை. வளைவில் திரும்பினால் அது பக்கவாட்டில் ஏறும்; பிரேக் பிடித்தால் முன்னே வந்து முட்டும். தாங்கிக்குள் அறைகளும் தடுப்புகளும் இருப்பது இதற்காகத்தான். முழுதாக நிரம்பிய அறையைவிட அரைகுறையாக இருக்கும் அறைதான் ஆபத்து என்பது அனுபவசாலிச் சாரதிகளுக்குத் தெரியும்.

இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினாலேயே வாகனத்தைப் பிடிக்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறி, பிடிப்பை இழக்கும். இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும். பஸ்ஸில் இருந்த பெரியவர் பார்த்தது அதைத்தான். ஒரு சாரதி எங்கள் எல்லோருடைய உயிருக்காகவும் தன் வாகனத்தை நிறுத்தி, சில்லைத் தொட்டுப் பார்த்துக் கொண்டிருந்தார். நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்தோம்.

இந்த வீதிகள் மனிதரை விழுங்கியதற்குப் பழைய கணக்குத் தேவையில்லை. 2023 ஜனவரி 20 ஆம் திகதி நானுஓயா, ரதல்ல குறுக்கு வீதியில் பஸ்ஸும் வானும் ஓட்டோவும் மோதி எழுவர் இறந்தார்கள். 2025 மே 11 ஆம் திகதி கொத்மலை, கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே மலைகளில், அதே வளைவுகளில், எரிபொருளைச் சுமந்துகொண்டு இரவில் ஏறுகிறவருக்குப் பயணத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் என்ன நடக்கும்? பயணம் கூடினால்தான் பணம் கூடும். பயணம் கூட வேண்டுமென்றால் உறக்கம் குறைய வேண்டும். பிரேக் ஆறும்வரை காத்திருக்கும் அரை மணித்தியாலம் அவரது சொந்த நட்டம். நான் பேசிய சாரதிகள் எல்லோருமே பயணக் காசை நம்பியவர்கள். அவர்களை உறங்காமல் ஓடச் செய்யும் முறையை வகுத்துவிட்டு, விபத்து நடந்ததும் 'சாரதியின் நித்திரைக் கலக்கமே காரணம்' என்று எழுதுகிறோம். அந்த வாக்கியத்தையும் நான் பல தடவை எழுதியிருக்கிறேன்.

அவர் சுமப்பது என்னவென்று சூழ்ந்து நின்று கூச்சலிடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை. பெற்றோல் ஆவி பற்றிக்கொள்ள வெயில் தேவையில்லை. பூச்சியத்துக்குக் கீழே நாற்பது பாகை அளவிலும் அது பற்றும். நுவரெலியாக் குளிர் அதற்கு ஒரு பொருட்டல்ல. 2017 ஜூன் 25 ஆம் திகதி பாகிஸ்தானின் அகமத்பூர் கிழக்கில் ஒரு தாங்கி வாகனம் கவிழ்ந்தது. வழிந்தோடிய பெற்றோலை வாளிகளிலும் போத்தல்களிலும் அள்ள ஊரே ஓடிவந்தது. தீப்பற்றியதில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எமது ஊர்களிலும் 2022 இல் பவுசரைச் சுற்றி ஆயிரம் பேர் நின்றார்கள், கையில் சிகரட்டோடு நின்றவர்களும் அவர்களுள் அடக்கம். பெருந்தீ மூளாமல் போனதற்குத் தெய்வத்துக்கு நன்றி சொன்னவர்கள் உண்டு. மூடியைத் திறக்க மறுத்து அடிவாங்கிய சாரதிகளுக்கு நன்றி சொன்னவர்களை நான் காணவில்லை.

2022 ஏப்ரல் 19 ஆம் திகதி றம்புக்கனையில் நடந்தது ஞாபகமிருக்கும். எரிபொருள் விலையுயர்வுக்கு எதிராக ரயில் பாதையை மறித்த மக்கள் மீது பொலிஸார் சுட்டார்கள், ஒருவர் கொல்லப்பட்டார். பவுசர் ஒன்றுக்குத் தீ வைக்கப்படுவதைத் தடுக்கவே சுட்டதாகப் பொலிஸார் சொன்னார்கள். அது உண்மையா என்று நாடாளுமன்றம் முதல் நீதிமன்றம் வரை விவாதிக்கப்பட்டது. விவாதிக்கப்பட வேண்டியதே. ஆனால் அந்தப் பவுசரை அங்கு ஓட்டிவந்தவர் அன்று என்ன பாடுபட்டார் என்பதை நான் ஒரு பத்திரிகையிலும் வாசிக்கவில்லை. நானும் ஆள் அனுப்பிக் கேட்கவில்லை.

*

பவுசர்களில் களவே நடப்பதில்லையா என்று கேட்பீர்கள். நடக்கிறது. மறைத்து எழுதினால் இதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். வழியில் நிறுத்தி எண்ணெய் இறக்கியவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். டீசலில் மண்ணெண்ணெய் கலந்தவர்களும் பிடிபட்டிருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வழக்காட வரவில்லை. பிடியுங்கள், சான்று காட்டுங்கள், தண்டியுங்கள்.

ஆனால் இரண்டு கேள்விகளைத் தவிர்க்க முடியாது. முதலாவது, இறக்கிய எண்ணெயை வாங்கியது யார்? இருபது லீற்றர் விற்றவனின் படம் பத்திரிகையில் வரும். வாங்கியவரின் படம் வருவதில்லை. இரண்டாவது, கலப்படத்துக்கு ஆசையை ஊட்டியது யார்? 2022 ஜூன் இறுதியில் டீசல் 460 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா. லயத்து ஏழைக்கு விளக்கெரிக்கவென்று விட்டுவைத்த அந்த 87 ரூபா, வரிசையில் நின்ற லயத்து ஏழைக்குக் கிடைத்ததா? பிறகு அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரே தாவலாக அதை 340 ரூபாவாக்கினார்கள். கலப்படக்காரனுக்குத் தண்டனை கிடைத்ததோ இல்லையோ, மண்ணெண்ணெய் அடுப்பில் சோறாக்கிய குடும்பத்துக்குக் கிடைத்தது.

இன்னும் சிலர் சொல்வார்கள்: இவ்வளவு தொல்லை எதற்கு, எண்ணெயை ரயிலில் கொண்டுபோகலாமே என்று. நல்ல யோசனை. ஹற்றனுக்கு 1884 இலும் நானுஓயாவுக்கு 1885 இலும் ரயில் வந்துவிட்டது. கொட்டகலையில் எண்ணெய்க் களஞ்சியமும் உண்டு. ரயிலில் வருவது எவ்வளவுக்குக் கூடுகிறதோ அவ்வளவுக்கு நன்மை. ஆனால் களஞ்சியத்திலிருந்து ஒவ்வொரு செட்டுக்கும் பவுசர்தான் போக வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது மலையகத்தின் ரயில் பாதையும் வீதிகளும் ஒருசேரச் சிதைந்தன. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீதி திறந்தவுடன், மண் இன்னும் சரிந்துகொண்டிருந்த மலைகளினூடாக ஏற வேண்டியிருந்த வாகனங்களுள் பவுசரும் ஒன்று. அது ஏறாவிட்டால் அம்புலன்ஸ் ஓடாது. கொழுந்து லொறி ஓடாது. பறித்த கொழுந்து தொழிற்சாலைக்குப் போகாமல் கிடந்து பழுதாகும். நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் தோட்டத்திலேயே அழுகும்.

1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவானது. அதன்பின் ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் பலகைகள் இறங்கின. அதற்காக 1963 இல் அமெரிக்கா தன் உதவியையே நிறுத்தியது. 2003 இல் இந்தியக் கம்பனி வந்தது. 2023 இல் சீனக் கம்பனி வந்தது. வந்தவர், போனவர் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினோம். நானே எழுதினேன். பலகையில் எந்த நாட்டின் பெயர் இருந்தாலும் கினிகத்தேனை ஏற்றத்தில் இரவு இரண்டு மணிக்கு முதலாம் கியரில் ஏறிக் கொண்டிருந்தவர் ஒருவரே. எரிபொருள் இறைமையைப் பற்றிப் பேசிய எமக்கு அவர் கண்ணில் படவில்லை.

*

நான் கேட்பவை பெரிய விடயங்கள் அல்ல.

ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் எண்ணெயின் வெப்பநிலையை அளந்து பற்றுச்சீட்டில் எழுதுங்கள். அதற்குத் தேவை ஒரு வெப்பமானியும், தாளில் ஒரு நிரலும். அளவை 15 பாகைக்கு மாற்றி ஒப்பிடுங்கள். அதன்பின் குறைவு இருந்தால் விசாரியுங்கள். செட் உரிமையாளரும் இதனால் பயனடைவார். அவருடைய நிலக்கீழ்த் தாங்கியிலும் எண்ணெய் சுருங்கத்தான் செய்கிறது. அவரையும் சாரதியையும் எதிரிகளாக்கியது குளிர் அல்ல, கணக்கு.

முத்திரை உடையாமல் வந்த பவுசரில் குறைவு கண்டால், அதைச் சாரதியின் சம்பளத்தில் கழிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இந்நாட்டில் இருப்பதைத் தொழில் திணைக்களம் வாகன உரிமையாளர்களுக்கு நினைவூட்டட்டும்.

மலைப் பயணத்துக்குப் பயணக் காசு மட்டுமல்லாமல் நிலையான மாதச் சம்பளமும், கட்டாய ஓய்வும், ஊழியர் சேமலாப நிதியும் இருக்க வேண்டும். இந்தியாவில் அபாயகரப் பொருள் ஏற்றும் சாரதிக்கு மூன்று நாள் பயிற்சியை மோட்டார் வாகன விதிகள் வேண்டுகின்றன. ஐரோப்பாவில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் பெற்றோல் தாங்கியைத் தொடவே முடியாது. எமது சாரதிக்குக் கற்பித்தது அவருக்கு முன் அதே ஆசனத்தில் இருந்த இன்னொரு சாரதி. "பள்ளத்துல எறங்கும்போது பயப்படு, பயம் விட்டுப்போச்சுன்னா எறங்கிரு" என்பதுதான் அவருக்குக் கிடைத்த முழுப் பயிற்சியும். நல்ல பாடந்தான். ஆனால் அது அரசின் பொறுப்புக்கு ஈடாகாது.

எமது மலையகத் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு சொல். ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டம் 2021 இல்தான் வர்த்தமானியில் முடிந்தது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு உயர்வுக்கும் போராட வேண்டியிருக்கிறது. அந்தப் போராட்டத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று தோட்டத்தில் மட்டும் இல்லை. பவுசரிலும் பஸ்ஸிலும் கொழும்புக் கடைகளிலும் இருக்கிறார்கள். படி இறங்கிப் போனவன் நம்முடைய அங்கத்தவன் இல்லை என்று கைகழுவினால், அடுத்த தலைமுறையில் சந்தா கட்ட எவர் இருப்பார்?

கடைசியாக, என்னையொத்த பத்திரிகைக்காரர்களுக்கு. 'மாயம்' என்ற சொல்லைத் தலைப்பில் இடுமுன் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். நான்கு வரிச் செய்திக்குத் திருத்தம் வெளியிடும் வழக்கம் நம் தொழிலில் அநேகமாக இல்லை. பெயர் குறிப்பிடாததால் சட்டமும் நம்மைத் தொடாது. அந்தப் பாதுகாப்புக்குப் பின்னால்தான் ஒரு பிள்ளை இரண்டு வாரம் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தாள்.

இதை எழுதுமுன் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அந்தத் தலைப்பை இட்டவன் நான்தான் என்று சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்: "சரிண்ணே. மக இப்ப ஏ எல் படிக்கிறா. இப்ப வட்டவளையில நிக்கிறேன், சில்லு ஆறட்டும். அப்புறம் பேசுறேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அன்று பத்திரிகையில் வராத திருத்தம் இது: 2022 ஜூன் மாதம் மலையக நகரம் ஒன்றில் பவுசரில் எண்ணெய் மாயமானதாக நான் தலைப்பிட்ட செய்திக்கு ஆதாரம் இருக்கவில்லை. சாரதியிடம் ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை. பிழை என்னுடையது.